மாங்கேணிக் கிணற்றிலிருந்து கலாநிதிப் பட்டம் வரை





உயர்தரத்தில் கலைப்பிரிவைத் தெரிவு செய்து, புவியியலையும் ஒரு பாடமாக எடுத்த நாளிலிருந்து ஒரே கேள்வியைப் பலரிடமிருந்து கேட்டு வருகிறேன். "புவியியல் படிச்சு என்ன செய்யப் போறாய்?" சாச்சி கேட்டார். பக்கத்து வீட்டு மாமி கேட்டார். கல்யாண வீடொன்றில், என் பெயர்கூடத் தெரியாத ஒரு மூதாட்டியும் கேட்டார். "ரீச்சராகலாம்" என்பதுதான் என் வழமையான பதில். ஆசிரியத் தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்தப் பாடத்தில் எனக்கு ஆசையை ஏற்படுத்தியவரே ஓர் ஆசிரியைதான். ஆனால் அந்தப் பதில் பாதிப் பதில் என்பதைச் சென்ற வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

பௌதிகப் புவியியலிலும் சூழல் விஞ்ஞானத்திலும் கலாநிதிப் பட்டம் வரை செல்லும் பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதையில் சென்ற ஓர் இலங்கைப் பெண், நமது கிழக்குக் கரையின் மணலையும் அதன் அடியில் கிடக்கும் நீரையும் ஆராய்ந்தே டென்மார்க்கில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தது பெரிய மலையோ பனிப்பாறையோ அல்ல. உம்மம்மா வீட்டில் இருப்பது போன்ற கிணறுகளின் நீரைத்தான். ஆகவே கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கேணிகள் நிறைந்த கரை

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே வருபவர்கள் ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டிய பின் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. மரத்தின் பெயரும் கேணியும் சேர்ந்து ஊரின் பெயராகியிருக்கின்றன. கிழக்கே கடல். தெற்கே வாழைச்சேனைக் களப்பு. வடக்கே பனிச்சங்கேணிக் களப்பு. இரண்டு பக்கமும் உப்பு நீர் இருக்கும் மணல் நிலத்தில் குடியேறியவர்களுக்கு எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பதே முதற் கேள்வியாக இருந்திருக்கும். கேணி வெட்டி நல்ல தண்ணீர் கண்ட இடங்கள் ஊர்களாயின என்பது என் ஊகம். ஊகம் என்றே எழுதுகிறேன், ஏனெனில் இடப்பெயர்களை ஆராய்வதும் ஒரு தனித்துறை.

கடலுக்குச் சில நூறு யார் தூரத்தில் தோண்டும் கிணற்றில் எப்படி நன்னீர் வருகிறது? சின்ன வயதில் இதை நான் அல்லாஹ்வின் அருள் என்று மட்டும் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அந்த அருள் வேலை செய்யும் முறையும் இப்போது தெரியும். வடகீழ்ப் பருவக்காற்று மழை மணலுக்குள் இறங்குகிறது. மணலின் அடியில் கடல்நீர் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுப் பாரமானது. நன்னீரின் அடர்த்தியை 1 என்று எடுத்தால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. எனவே மழைநீர் கடல்நீரின் மேல், ஒரு கண்ணாடி வில்லையின் வடிவில், மிதந்து நிற்கிறது. இதை நன்னீர் வில்லை என்பார்கள். இதன் கணக்கை ஒல்லாந்தரான கைபன் 1880களின் இறுதியிலும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே எழுதினார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நிலக்கீழ் நீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அந்தக் கணக்கு.

இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தைப் பத்தே சென்ரிமீற்றர் நிரந்தரமாகத் தாழ்த்தினால், அடியிலிருந்து உப்பு நீர் 4 மீற்றர் மேலே ஏறிவிடும். உண்மையான மணற்படையில் கணக்கு இவ்வளவு நேராக வராது. இடையில் களிப் படைகள் இருக்கும், உப்பும் நன்னீரும் கலக்கும் வலயம் ஒன்றும் இருக்கும். எனினும் விடயம் விளங்குகிறது அல்லவா? நாம் குடிப்பது ஒரு மெல்லிய மிதவையிலிருந்துதான்.

உப்பான கிணறு

2004 டிசம்பர் 26. நான் அப்போது பிறக்கவில்லை. வாகரைப் பக்கம் சுனாமி செய்த அழிவு உங்களில் பலருக்கு வீட்டுக் கதையாகவே தெரிந்திருக்கும். உயிரிழப்புகளைப் பற்றி உம்மம்மா அதிகம் பேசமாட்டார். கிணற்றைப் பற்றிக் கேட்டால் பேசுவார்.

"தண்ணி வாயில வைக்கேலாமப் பெய்த்து மகள். எஞ்சின் வெச்சு எறச்சாங்க. ஒரு நாள் எறச்சா நல்லாரிக்கும், அடுத்த நாள் எறச்சா முந்தினதை விட உப்பு. பவுசர் வரும் வரைக்கும் வாளியோட நிண்ட காலம் அது."

இறைக்க இறைக்க உப்புக் கூடியது ஏன் என்பது உம்மம்மாவுக்கு இன்றுவரை ஒரு புதிர். அந்தப் புதிருக்கான விடை 2006ஆம் ஆண்டே ஒரு சர்வதேச நீர்வள ஆய்வுச் சஞ்சிகையில் வெளிவந்திருக்கிறது. அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த இலங்கையரான திஸ்ஸ இலங்கசேகரவும் அவரோடு சேர்ந்த அமெரிக்க, இலங்கை விஞ்ஞானிகளும் எழுதிய கட்டுரை அது. இலங்கையில் மட்டும் 40,000க்கு மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் சுனாமியால் அழிந்தன அல்லது மாசடைந்தன என்ற மதிப்பீட்டை அவர்கள் தருகிறார்கள். பாதிக்கப்பட்ட கிணற்றிலிருந்து உப்பு நீரை இறைத்து அகற்றுவது முதலில் உதவும். ஆனால் அளவு மீறி இறைத்தால் உப்பு நீரை மேலும் இழுத்துக்கொண்டு வந்து, கிணறு தேறும் காலத்தை அது நீட்டிவிடும் என்பது அவர்களின் விளக்கம். உம்மம்மா தன் வாளியோடு கண்டதைத்தான் அவர்கள் கருவிகளோடு கண்டார்கள். இதை அவருக்கு நான் விளக்கியபோது, "இதை அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த கலாநிதி ஆய்வுக்கு வருகிறேன். மெத்திகா விதானகே என்பவர் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் 2009இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வின் பொருள், கரையோர நிலக்கீழ் நீரில் சுனாமியின் தாக்கம். இலங்கையின் கிழக்குக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் இடையே 2.4 கிலோமீற்றர் அகலமான ஒரு மணற்பரப்பில், கரைக்குச் செங்குத்தாக ஒரு கோடு தெரிவு செய்து, அந்தக் கோட்டின் வழியே 2005 ஒக்டோபர் முதல் 2007 ஓகஸ்ட் வரை நிலக்கீழ் நீரின் மட்டமும் அதன் மின்கடத்துதிறனும் அளக்கப்பட்டன. உப்புக் கூடினால் நீர் மின்னைக் கூடுதலாகக் கடத்தும். ஆகவே கடத்துதிறனை அளப்பது உப்பை அளப்பதற்கு இலகுவான வழி. ஆய்வுகூடத்தில் மணல் நிரப்பிய தொட்டிகளில் உப்பு நீரை ஊற்றி, சுனாமி நாளையே சின்னதாக நடத்தியும் பார்த்தார்கள். பிறகு கணினி மாதிரியில் இட்டு, எதிர்காலத்தைக் கணித்தார்கள்.

முடிவு இரண்டு பகுதிகளாக வந்தது. நிலக்கீழ் நீரின் மேற்பகுதி, அதாவது மேலேயுள்ள 2.5 மீற்றர் வரை, ஒன்று முதல் ஒன்றரை வருடத்தில் மழைநீரால் கழுவப்பட்டு நன்னீராகிவிட்டது. ஆனால் 28 மீற்றர் ஆழம் வரையான முழு மணற்படையும் தேறுவதற்கு 15 வருடங்களுக்கு மேல் எடுக்கலாம். இந்தக் கட்டுரை 2012இல் வெளிவந்தது. மெத்திகா விதானகே பின்னர் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

2004உடன் பதினைந்தைக் கூட்டுங்கள். 2019. அந்த வருடமும் கடந்துவிட்டது. மாதிரி சொன்னது சரிதானா? எங்கள் பக்கத்து ஆழமான மணலில் அந்த உப்பு இன்னும் கிடக்கிறதா, அல்லது 2010 இறுதியிலும் 2011 தொடக்கத்திலும் மாவட்டத்தையே மூழ்கடித்த வெள்ளம் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டதா? கலாநிதி ஆய்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இனிமேல் நான் இந்தக் கேள்வியைத்தான் காட்டுவேன். ஓர் இடம் இருக்கிறது. ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு முன்னர் பிறர் சொன்ன பதில் ஒன்றும் இருக்கிறது. அதைச் சோதிக்க அளவீடு வேண்டும். மூன்று நான்கு வருடங்கள் அந்த ஒரு கேள்வியோடு இருந்து, உலகில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னால் கலாநிதி. பெரிய புத்தகங்களையெல்லாம் மனனம் செய்தவருக்குக் கொடுக்கும் பட்டம் என்றுதான் நான் முன்பு நினைத்திருந்தேன்.

இத்துறை நம் நாட்டுக்குப் புதியதும் அல்ல. ஜோர்ஜ் தம்பையாபிள்ளை என்ற புவியியலாளர் இலங்கையின் மழைவீழ்ச்சி வருடத்துக்குள் எப்படி ஒரு தாளத்தில் வந்து போகிறது என்பதை 1954இலேயே இலங்கைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் எழுதினார். பேராதனைப் புவியியல் பேராசிரியர் சி. எம். மத்தும பண்டார, உலர் வலயத்துச் சிறு குளங்கள் தனித்தனிக் குளங்களல்ல, ஒன்றின் கழிவுநீர் அடுத்ததற்கு வரவு நீராகும் தொடர்கள் என்பதை 1985இல் விளக்கினார். அந்தக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. நாம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்து போகும் விடயம், ஒருவர் வயலோரம் நடந்து கண்டுபிடித்து எழுதிய விடயம்.

வாப்பாவின் மூன்று கேள்விகள்

இதையெல்லாம் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பாவிடம் சொன்னேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்: எத்தனை வருஷம்? யார் காசு? முடிச்சா எங்க வேலை? பெற்றோர் எல்லோருக்கும் இருக்கும் கேள்விகள் இவைதான் என்பதால் நான் தேடிக் கண்டதை இங்கே தருகிறேன்.

முதலாவது கேள்விக்கு நேர்மையான பதில், நிறைய வருடங்கள். உயர்தரம் முடித்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாக அனுமதி கிடைத்தபின் புவியியலில் சிறப்புப் பட்டம் நான்கு வருடங்கள். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்பவர்களுக்கு ஆய்வுப் பாதை கடினமாகும். ஆகவே முதலாம் வருடப் பெறுபேறு சிறப்புக் கற்கைக்குத் தகுதி தரும் அளவுக்கு இருக்க வேண்டும். இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்ற ஒன்று இருக்கிறது. அதில் பன்னிரண்டு படிகள். சிறப்புப் பட்டம் ஆறாம் படி, முதுதத்துவமாணி பதினோராம் படி, கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் படி. முதுதத்துவமாணிக்கு முழுநேரமாகக் குறைந்தது இரண்டு வருடங்கள், கலாநிதிப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடங்கள் தேவை. அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிக் கற்கையில் சேரலாம், ஆனால் அங்கே ஐந்து வருடங்கள் அளவில் செல்லும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் முதலில் முதுமாணி கேட்பார்கள்.

கூட்டிப் பார்த்தால் நான் கலாநிதியாகும்போது முப்பதை நெருங்கியிருப்பேன். உம்மா இந்த இடத்தில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கவலை என்னவென்று வாசிக்கும் தாய்மாருக்கு விளங்கும். நான் சொன்னது இவ்வளவுதான்: இது ஒரே மூச்சில் ஓடும் ஓட்டமல்ல. பட்டம் முடித்துக் கல்யாணம் செய்து, வேலையில் இருந்துகொண்டு பகுதி நேரமாக முதுதத்துவமாணி செய்யும் பெண்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்கலாம். நின்ற படியிலும் ஒரு தொழில் இருக்கும். உம்மா இன்னும் முழுமையாகச் சம்மதிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்கே ஆச்சரியம். கலாநிதிப் படிப்பென்றால் காணி விற்றுக் காசு கட்ட வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். விஞ்ஞானத் துறைகளில் நிலைமை பெரும்பாலும் மறுபக்கம். ஒரு பேராசிரியருக்கு ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கிடைக்கிறது. அந்த வேலையைச் செய்ய அவருக்கு ஆள் தேவை. அந்த ஆள்தான் கலாநிதி மாணவர். ஆகவே அவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. டென்மார்க், சுவீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் கலாநிதி மாணவருக்குரிய இடம் ஒரு வேலை வெற்றிடம் போலவே விளம்பரம் செய்யப்படுகிறது. சம்பளம், விடுமுறை எல்லாம் உண்டு. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் கலாநிதி ஆய்வுக்குப் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் கிடையாது. டாட் என்ற அவர்களுடைய புலமைப்பரிசில் நிறுவனம் செலவுக்கும் உதவும். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். கட்டணம், மாதக் கொடுப்பனவு, விமானச் சீட்டு அடங்கும். அவுஸ்திரேலிய அரசு தன் பல்கலைக்கழகங்களின் ஊடாக ஆய்வு மாணவருக்கு உதவி வழங்குகிறது. அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ இருந்து செலவைச் சமாளிப்பார்கள்.

தூரம்தான் பிரச்சினை என்றால் தாய்லாந்தில், பாங்கொக்குக்கு அருகே, 1959இல் தொடங்கிய ஆசியத் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. தொலையுணர்வு, நீர்வளம் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இப்போதுள்ள, 1950இல் தொடங்கிய ஐ.ரி.சி. என்ற நிறுவகம் வளர்ந்து வரும் நாடுகளின் மாணவருக்குப் புவித்தகவல் கற்பிப்பதற்கென்றே உருவானது. உள்நாட்டிலும் வழி உண்டு. பேராதனையில் 1996இல் நிறுவப்பட்ட பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் சூழல் விஞ்ஞானத்திலும் ஜி.ஐ.எஸ்.ஸிலும் முதுமாணிக் கற்கைகளை நடத்துகிறது. தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் பேராசிரியர்களுக்கு ஆய்வு நிதி வழங்கும்போது, அந்த நிதியிலிருந்து ஆய்வு உதவியாளர்கள் எடுக்கப்படுகிறார்கள். நமக்குப் பக்கத்திலே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அங்கே புவியியலுக்கெனத் தனித் துறை இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் முதல் நான்கு வருடங்களை முடிக்கலாம் என்றதும் வாப்பாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். புலமைப்பரிசில்களின் விதிகளும் தகுதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும். நான் எழுதியது பொதுவான வழி. விண்ணப்பிக்கும் வருடத்தின் அறிவித்தலைத்தான் நம்ப வேண்டும். அனுமதி எடுத்துத் தருகிறோம், முற்பணம் கட்டுங்கள் என்று வருபவர்களிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருங்கள். நிதியுள்ள கலாநிதி இடத்துக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. மாணவியே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, தன் கேள்வியைச் சொல்லிக் கேட்பதுதான் முறை.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி முதலாவது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கரையோரம் பேணல் திணைக்களம், நீர்வள சபை, மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், நாரா ஆகிய அரச நிறுவனங்கள் உண்டு. பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் உண்டு. இவை எல்லாவற்றிலும் வெற்றிடங்கள் எப்போதும் காத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கலைப்பிரிவு மாணவிக்கு ஒரு கசப்பான உண்மை

வெளிநாடுகளில் பௌதிகப் புவியியல் பெரும்பாலும் விஞ்ஞானப் பாடம். நம் நாட்டில் புவியியல் பெரும்பாலும் கலைப் பீடத்தில் இருக்கிறது. மெத்திகா விதானகேயின் ஆய்வைப் போன்ற ஒன்றைச் செய்ய இரசாயனமும் கணிதமும் தேவை. நான் சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டுவிட்டேன். அந்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரையின் சுருக்கத்தை வாசித்து விளங்க எனக்கு மூன்று நாள் எடுத்தது; அதில் இரண்டு நாள் ஆங்கிலத்துக்கு, ஒரு நாள் கணிதத்துக்கு. ஆகவே சாதாரண தரப் பெறுபேறு வரவிருக்கும் தங்கைமாருக்குச் சொல்கிறேன்: கணிதத்தில் நல்ல சித்தி இருந்தும், விஞ்ஞானப் பிரிவு கஷ்டம், கலைப்பிரிவு லேசு என்று மட்டும் எண்ணி வராதீர்கள். சூழல் விஞ்ஞானத்துக்குச் செல்ல விரும்பினால் உயிரியல் அல்லது பௌதிக விஞ்ஞானப் பிரிவு நேரான பாதை. கலைப்பிரிவுக்குத்தான் வருகிறீர்கள் என்றால் புவியியலோடு தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையோ பொருளியலையோ சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளிவிபரவியலைப் பல்கலைக்கழகத்தில் தவிர்க்காதீர்கள். ஆங்கிலத்தை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. கலைப்பட்டத்தைத் தமிழில் படிக்க வழி இருந்தாலும், ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன.

கலைப்பிரிவினருக்கு அகலமாகத் திறந்திருக்கும் கதவு ஜி.ஐ.எஸ்.ஸும் தொலையுணர்வும். லான்ட்சாட் செய்மதி 1972இலிருந்து பூமியைப் படமெடுக்கிறது. அந்தப் படங்கள் 2008இலிருந்து எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செய்மதிப் படங்களும் இலவசம். பத்து மீற்றர் அளவுள்ள ஒரு சதுரம்கூட அவற்றில் ஒரு புள்ளியாகத் தெரியும். கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளும் இலவசம். 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தில் மணல்திட்டு எப்போது மூடுகிறது, மழைக்காலத்தில் எப்போது திறக்கிறது அல்லது வெட்டித் திறக்கப்படுகிறது என்பதை வீட்டிலிருந்தே பல வருடங்களுக்குப் பின்னோக்கிப் பார்க்கலாம். முகத்துவாரம் திறக்கும் நாள் தாழ்நிலத்து வயலுக்கும் வாவியின் இறாலுக்கும் முக்கியமான நாள். எங்கள் காயான்கேணிக் கடலின் பவளப்பாறைப் பகுதி 2019இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் கரை எப்படி மாறியிருக்கிறது என்பதும் ஒரு கேள்விதான்.

என் கொப்பி

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது சரியல்ல என்று, சென்ற ஒக்டோபரிலிருந்து உம்மம்மா வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து வருகிறேன். முதல் இரண்டு மாத அளவீடுகளும் வீண். கிணற்றுக் கட்டின் எந்த இடத்திலிருந்து அளந்தேன் என்று குறிக்கவில்லை. கட்டோ ஒரு பக்கம் சரிந்தது. ஒரு நாள் காலையிலும் மறுநாள் எல்லோரும் குளித்து முடித்த பிறகும் அளந்திருக்கிறேன். தவணைப் பரீட்சை நடந்த மூன்று வாரங்களுக்கு ஒன்றுமே இல்லை. டிசம்பரிலிருந்துதான் அது கொப்பி என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்தது.

தங்கள் வீட்டுக் கிணற்றை அளக்க விரும்பும் சகோதரிகள் என் பிழைகளைச் செய்ய வேண்டியதில்லை. கிணற்றுக் கட்டில் ஓரிடத்தில் பெயின்ற் பூசிக் குறியிடுங்கள். எப்போதும் அங்கிருந்தே அளவுங்கள். நீளாத கயிறொன்றில் பாரம் கட்டி, நீரைத் தொடும் இடத்தைப் பிடித்து, அளவு நாடாவில் வைத்துப் பாருங்கள். சுபஹுத் தொழுகை முடிந்ததும், யாரும் தண்ணீர் அள்ளுவதற்கு முன்னர் அளப்பது நல்லது. வாரத்தில் ஒரே நாள். திகதி, நேரம், அளவு, முந்திய நாட்களில் மழை பெய்ததா என்ற குறிப்பு, இவை நான்கும் போதும். பாடசாலை ஆய்வுகூடத்தில் கடத்துதிறன் மானி இருந்தால் ஆசிரியையின் அனுமதியோடு ஒரு போத்தல் நீரையும் சோதிக்கலாம். அந்தக் கலாநிதி ஆய்வில் ஒரு சென்ரிமீற்றருக்கு 1000 மைக்ரோசீமன்ஸுக்குக் குறைந்ததைத்தான் நன்னீர் என்று எடுத்தார்கள். கடலுக்குக் கிட்டவுள்ள வீடு ஒன்று, வீதியோரம் ஒன்று, களப்புப் பக்கம் ஒன்று என்று மூன்று வீடுகள் சேர்ந்தால் அதுவே கரைக்குச் செங்குத்தான ஒரு கோடு. என்னிடம் இப்போது நடுவில் உள்ள கிணறு மட்டும்தான் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஆள் தேடுகிறேன். விருப்பமுள்ளவர்கள் இடைவேளையில் உயர்தரக் கலைப்பிரிவு வகுப்புக்கு வந்து என்னைச் சந்திக்கலாம்.